வேணுவனத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பஞ்சாரம்

சேரன்மகாதேவிப் பக்கம் வீட்டோடு சேர்த்து மழலையர் பள்ளி நடத்தும் டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார்: "பின்வாசலில் வேப்பமரத்தடியில் 20-க்கு 20 அடி இடம் சும்மா கிடக்கிறது. 3 முதல் 6 வயது வரை 18 பிள்ளைகள். அதில் ஒரு பையன் இன்னும் பேசவில்லை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். பிளாஸ்டிக் சறுக்கு வாங்கிப் போட மனசில்லை. பிள்ளைகள் தொட்டும் கேட்டும் முகர்ந்தும் உள்ளே புகுந்தும் விளையாட மூங்கிலில் ஓர் இடம் செய்ய முடியுமா? உளுத்துப் போகாதா? கையைக் கிழிக்காதா?"

முடியும் டீச்சர், நன்றாகவே முடியும். பத்து வருஷத்துக்கு மேலாக மூங்கிலில் பிள்ளைகளுக்கான சாமான்கள் செய்து வருகிறேன். நீங்கள் கேட்ட இரண்டு பயமும் நியாயமானவை. இரண்டையும் நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேணுவனம் என்றால் மூங்கில் காடு. நம் திருநெல்வேலி சுவாமிக்கே வேணுவனநாதர் என்று பெயர். நெல்லையப்பர் கோயிலின் தலமரம் மூங்கில். பால் குடம் சுமந்துபோன ராமக்கோன் மூங்கில் காட்டில் ஒரே இடத்தில் இடறி விழுந்துகொண்டே இருந்த கதையை உங்கள் பிள்ளைகளின் ஆச்சிமார் சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இன்றைக்குப் பிள்ளைகள் பார்க்கிற மூங்கில், சாரம் கட்டுகிற கம்பும் வெள்ளையடிக்கிறவர் கொண்டுவரும் ஏணியும்தான். கையில் எடுத்துத் தட்டிப் பார்க்க ஒரு துண்டு கிடைப்பதில்லை. உங்கள் எண்ணம் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததற்கு அதுதான் காரணம்.

மூங்கில் மரமில்லை, புல். நெல்லும் கரும்பும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். முளை விட்ட சில மாதங்களிலேயே முழு உயரத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு பருக்காது, முற்ற மட்டுமே செய்யும். உள்ளே கூடு, இடையிடையே கணு. இந்தக் கணுவைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் அதன் பின்னாலேயே வரும். கணு இருக்கிற இடத்தில்தான் பலம். ஒரு பக்கம் கணு மூடிய குழாய்தான் தெளிவாகச் சுரம் பேசும். கணுவை ஒட்டி வெட்டினால் முனையில் மழைத்தண்ணீர் தேங்காது. கணுவை விட்டு விலகி ஆணி அடித்தால் நீளத்துக்குப் பிளந்துகொண்டு போகும். மரத்தச்சர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மூங்கிலை மரம் மாதிரி நினைத்துக் கையாண்டால் வேலை கெட்டுவிடும். ஏணி கட்டுகிறவரையும் கூடை முடைகிறவரையும் முதலில் தேடுங்கள், தச்சர் அப்புறம்.

நான் முதன்முதலில் ஒரு பள்ளிக்குச் செய்து கொடுத்த மூங்கில் குடில் ஏழாம் மாதம் மாவு கொட்ட ஆரம்பித்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கம்புக்கும் கீழே சலித்த மாவு மாதிரி சின்னச் சின்னக் குவியல். கம்பு முழுக்க ஊசித் துளைகள். ஐப்பசி மழையில் வெட்டிய பச்சை மூங்கிலை அப்படியே வாங்கிக் கட்டியிருந்தேன். மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் அந்த வண்டு வருகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதே குடிலில் ஒரு பெண்பிள்ளைக்கு உள்ளங்கையில் நீளமாகச் சிலாம்பு ஏறியது. மூங்கில் சிலாம்பு மரச் சிலாம்பு மாதிரி இல்லை, கத்தி மாதிரி இறங்கும். அன்றிலிருந்து எந்தத் துண்டையும் என் கன்னத்தில் தேய்த்துப் பார்க்காமல் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. உள்ளங்கை காய்த்துப்போன எங்களைப் போன்றவர்களுக்குக் கன்னம்தான் சரியாகச் சொல்லும்.

வாங்கும்போது மூன்று வருஷத்துக்கு மேல் முற்றிய கம்பாகப் பாருங்கள். இளசு பச்சைப்பசேலென்று வெள்ளைப் பொடி பூத்து, அடிமட்டை ஒட்டிக்கொண்டு இருக்கும். முற்றியதில் சாம்பல் புள்ளிகள் படர்ந்திருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு முளை விடும், அதனால் தை, மாசியில் வெட்டியதாகக் கேளுங்கள். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் அப்படியே வெட்டச் சொல்கிறேன், ஆனால் மாதமும் முற்றலும்தான் முக்கியம் என்பது என் அனுபவம். கூரைக்கும் தூணுக்கும் உள்ளே கூடு குறைந்த கல்மூங்கில், சத்தத்துக்கும் தண்ணீருக்கும் கூடு அகன்ற ரகம். சாரத்துக்குக் கட்டிக் கழித்த கம்பு மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அதில் உள்விரிசல், ஆணித் தடம், சிமெண்டுப் பிசிறு எல்லாம் இருக்கும். மேற்கே களக்காடு–முண்டந்துறைக் காட்டில் மூங்கில் நிறைய உண்டு, ஆனால் அது 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கிருந்து ஒரு குச்சியும் வரக்கூடாது. தோட்டத்தில் வளர்த்த மூங்கிலை வாங்கத் தயங்க வேண்டாம். 2017-ல் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இனி உளுக்காமல் காப்பது. இதில் ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: பிள்ளைகள் கையில் எடுக்கும் துண்டுகளையும் கூரைக் கம்பையும் ஒரே மாதிரிப் பதப்படுத்தக்கூடாது. கூரை, தூண் ஆகியவற்றுக்கு வெண்காரமும் போரிக் ஆசிட்டும் கலந்த தண்ணீர் நல்லது. 95 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெண்காரம், 2 கிலோ போரிக் ஆசிட். நீளக் கம்பியால் உள்கணுக்களை எல்லாம் துளைத்துவிட்டு ஒரு வாரம் முழுக ஊறவைத்தால் உள்ளே இறங்கும். ஆனால் மழை பட்டால் அந்த உப்பு கரைந்து வெளியே வந்துவிடும், வயிற்றுக்குள் போனாலும் கெடுதல். அதனால் தலைக்கு மேலே கூரைக்கு அடியில் இருக்கும் கம்புக்கு மட்டும்தான் இது. தூணாக இருந்தால் பிள்ளைகள் கை எட்டும் உயரம் வரை கயிறு சுற்றி மூடிவிடுங்கள். கையில் எடுக்கும், வாயில் வைக்கும் துண்டுகளைப் பெரிய அண்டாவில் ஒரு மணி நேரம் வேகவைத்து, சுணையும் அழுக்கும் போகத் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வேறு மருந்து எதுவும் வேண்டாம். ஊர்ப்பக்கம் மூங்கிலைக் குளத்தில் கல்லேற்றி மூன்று நான்கு வாரம் அமுக்கி வைப்பார்கள் இல்லையா, அதுவும் மாவுச்சத்தைக் கரைத்துவிடும் நல்ல முறைதான். நாற்றம் வரும், காய்ந்ததும் போய்விடும். கழிவு ஆயில் பூசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய கம்பும் பிள்ளைகள் பக்கமே வரக்கூடாது. வெயிலில் காயப்போடாதீர்கள், நம் பங்குனி வெயிலில் ஒரே நாளில் வாய் பிளந்துவிடும்.

வெட்டுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். அருவாளால் கொத்தித் தருவது கூடை முடைவதற்குச் சரி, பிள்ளைகளுக்கு ஆகாது. வெட்ட வேண்டிய இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, ஹாக்சா பிளேடால், கம்பை உருட்டிக்கொண்டே சுற்றிலும் அறுக்க வேண்டும். ஒரே பக்கமாக அறுத்தால் கடைசி நார் பிய்ந்துகொண்டு வரும், அதுதான் சிலாம்பு. அறுத்ததும் வாய் விளிம்பின் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் அரம் போட்டு உருட்டி, உப்புத்தாள் தேய்த்து, உள்ளே இருக்கும் காகிதம் போன்ற சவ்வைக் குச்சியில் துணி சுற்றித் துடைத்து எடுக்க வேண்டும். விளிம்பைத் தீயில் லேசாக வாட்டினால் எண்ணெய் கசியும், துணியால் அழுத்தித் துடைத்தால் பளபளப்பாகிவிடும். ஒரு எச்சரிக்கை: இரண்டு பக்கமும் கணு மூடியிருக்கும் துண்டைத் துளை போடாமல் தீயில் காட்டாதீர்கள். உள்காற்று சூடேறி வெடிக்கும்.

சரி, என்ன செய்வது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் ஒரு பெரிய பஞ்சாரம் முடையச் சொல்வேன். கோழியைக் கவிழ்த்து மூடுகிற அதே பஞ்சாரம்தான், ஆனால் 6 அடி அகலம், நாலரை அடி உயரம். மூங்கிலைப் பிளாச்சாகப் பிளந்து, பச்சையாக இருக்கும்போதே வளைத்து, கூடை மாதிரிப் பின்னிக்கொண்டு போவார்கள். வேப்பமரத்தடியில் கவிழ்த்து வைத்தால் காலையில் வெயில் உள்ளே சல்லடை சல்லடையாக விழும். ஒரு பள்ளியில் இதை வைத்த முதல் நாள் நான் அங்கே இருந்தேன். பிள்ளைகள் ஓடிவந்து உள்ளே நுழைந்தார்கள், கூச்சல். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. எட்டிப் பார்த்தால் ஒருவன் தன் கையில் விழுந்த கட்டம் கட்டமான வெளிச்சத்தை இன்னொரு கையால் பொறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பிள்ளை பின்னலில் விரலை வைத்து மேலே, கீழே, மேலே, கீழே என்று ஓட்டிக்கொண்டே போனாள். யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பின்னலை ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் கொஞ்சம் இளக்கமாகவும் முடையச் சொல்லுங்கள். நெருக்கமான பக்கம் இருட்டும் குளிர்ச்சியும், இளக்கமான பக்கம் வெளிச்சமும் காற்றும். பிள்ளை தனக்கு வேண்டிய பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசல் இரண்டு இருக்கட்டும், எதிரெதிராக. ஒரே வாசல் வைத்தால் சின்னப் பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டு பயப்படும், நீங்களும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. அடிவிளிம்பு மண்ணில் படக்கூடாது, கறையான் ஒரே மழையில் ஏறிவிடும். சுற்றிலும் செங்கல் வரிசை போட்டு அதன் மேல் உட்காரவைத்து, நாலு இடத்தில் இரும்புக் கொக்கியால் பிணைத்துவிடுங்கள். ஆடிக் காற்றில் பஞ்சாரம் புரண்டுபோன கதை எனக்குத் தெரியும்.

இடைவெளி விஷயத்தில் கறாராக இருங்கள். 9 செ.மீ.க்கு மேல் 23 செ.மீ.க்குள் இருக்கும் சந்து ஆபத்தானது. பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். ஒன்று அதைவிடச் சின்னதாக வையுங்கள், இல்லை தாராளமாகப் பெரிதாக வையுங்கள். அதே மாதிரி விரல் நுழைந்து திரும்ப வராத ஓட்டைகள், அதாவது 8 முதல் 25 மி.மீ. வரை உள்ளவை, உறுதியான கம்பில் இருக்கக்கூடாது. கம்பு முனைகளை மரக்கட்டை அடித்து மூடிவிடுங்கள். திறந்த முனை மேலே பார்த்து இருந்தால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு கொசுவும் வளரும்.

அடுத்தது சத்தம். மூங்கிலின் பெரிய கொடை இதுதான் என்பேன். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்கள் முன்னால் பெரியவர்களே வாய் பிளந்து நிற்பது கல்லுக்குள் சுரம் ஒளிந்திருக்கிறதே என்ற ஆச்சரியத்தில்தான். மூங்கிலில் அந்த ஆச்சரியத்தை ஒரு ஹாக்சாவும் அளவு டேப்பும் இருந்தால் நீங்களே செய்யலாம். அடியில் கணு மூடி, மேலே வாய் திறந்த குழாய். உள்நீளம் 33 செ.மீ. இருந்தால் ஏறக்குறைய 260 ஹெர்ட்ஸ் சுரம் வரும். அதைச் சட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தைப் பாதியாக்கி 16.5 செ.மீ. வைத்தால் மேல் சட்ஜம். மூன்றில் இரண்டு பங்கு, 22 செ.மீ., பஞ்சமம். இடையில் 29.3, 26.4, 19.8 செ.மீ. மூன்றையும் சேர்த்தால் ரி, க, த. மோகன ராகம் வந்துவிட்டது! மோகனத்தைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சுரங்களைப் பிள்ளைகள் எந்த வரிசையில் தட்டினாலும் காதுக்கு இடிக்காது. குழாயை உலக்கை மாதிரி நேராகப் பிடித்து, சாக்கு மடித்துப் போட்ட பலகையில் இடித்தால் பூம் என்று பேசும். அவ்வளவு நீளத்துக்குக் கணுவிடை கிடைக்காவிட்டால் நடுக்கணுவைக் கம்பியால் தட்டி உடைத்துவிட்டு அடிக்கணுவை மட்டும் விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அளவெடுங்கள், முதலில் அரை விரற்கடை நீளமாகவே அறுத்து, கேட்டுக் கேட்டு அரம் போட்டுக் குறையுங்கள். குழாயின் அகலத்துக்கு ஏற்ப சுரம் கொஞ்சம் விலகும், காதுதான் கடைசித் தீர்ப்பு.

இந்தக் குழாய்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டாதீர்கள். ஒரு கூடையில் போட்டு வையுங்கள். எடுக்கிற, தூக்கிக்கொண்டு போகிற, இன்னொன்றோடு ஒப்பிடுகிற உரிமை பிள்ளையிடம் இருக்க வேண்டும். நீளம் குறைந்தது ஏன் கீச்சென்று கேட்கிறது என்று ஐந்து வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பதை நீங்கள் பார்ப்பீர்கள். காற்றில் ஆடும் மூங்கில் மணிகளை மேற்குப் பக்கம் கட்டலாம், ஆனி, ஆடியில் காற்று அங்கிருந்துதான் வரும். ஆனால் ஒரு இழுகயிறு வைத்து, வேண்டாதபோது சேர்த்துக் கட்டி அமர்த்துகிற மாதிரி செய்யுங்கள்.

இது நீங்கள் சொன்ன பையனுக்காக. நிற்காத சத்தம் அவனுக்குத் துன்பம். அவனே உண்டாக்கி அவனே நிறுத்துகிற சத்தம் அப்படி இருக்காது. காதைப் பொத்துகிற ஒரு பிள்ளை எனக்கும் தெரியும். மூன்று வாரம் அவள் குழாய் பக்கமே வரவில்லை, பஞ்சாரத்தின் இருட்டுப் பக்கம்தான் அவள் இடம். ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போனபோது தனியாக வந்து, நீளக் குழாயின் வாயில் காதை வைத்துக்கொண்டு, விரல் நகத்தால் அடியில் தட்டினாள். ஒரு தட்டு. அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொரு தட்டு. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. உங்கள் பையனுக்கும் அப்படியொரு தனி நேரத்தை ஒதுக்கி வையுங்கள், கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். அவனுக்குச் சிகிச்சை கொடுப்பவர் யாராவது இருந்தால் இடத்தைக் கட்டுவதற்கு முன்னாலேயே அவரை ஒருமுறை கூட்டி வந்து காட்டுங்கள்.

தண்ணீருக்கு அகன்ற மூங்கிலை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து, உள்கணுக்களைத் தட்டி எடுத்தால் வாய்க்கால். கோடகன் கால்வாயும் பாளையங்கால்வாயும் ஓடுகிற ஊரில் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாலைந்து துண்டுகள், வெவ்வேறு உயரத்தில் கவட்டைக் கம்புகள், ஒரு வாளித் தண்ணீர். சில துண்டுகளில் ஒரு கணுவை உடைக்காமல் விட்டு, அதில் சின்னதாக ஒரு பிளவு வெட்டி, தகட்டை மேலும் கீழும் இழுக்கிற மாதிரி செய்தால் அது மடை. மடையைத் திறக்கிற வேலைக்குச் சண்டை வரும், அதனால் மூன்று மடையாவது வையுங்கள். ஜப்பான் தோட்டங்களில் ஒரு மூங்கிலை நடுவில் அச்சுக் கோத்து வைத்திருப்பார்கள். தண்ணீர் நிறைந்ததும் தலை கவிழ்ந்து கொட்டிவிட்டு, திரும்ப எழும்போது வால் கல்லில் 'டொக்' என்று அடிக்கும். நம் ஏற்றத்துக்குத் தூரத்துச் சொந்தம். அதையும் ஒன்று செய்து வையுங்கள், எப்போது கவிழும் என்று பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விளையாடி முடிந்ததும் எல்லாத் துண்டையும் கவிழ்த்து நிழலில் வைத்துவிடுங்கள்.

நடந்து பார்க்கும் பாதைக்கு ஆற்றுக் கூழாங்கல், தேங்காய் நார், பனங்கொட்டை, பத்தமடைக் கோரைப் பாயின் ஒரு துண்டு, நடுநடுவே பிளந்த மூங்கில். முதுகு மேலே பார்க்கப் பதித்தால் ஈரத்தில் வழுக்கும், அதனால் தண்ணீர் விளையாட்டுக்குத் தள்ளி வையுங்கள். வாசனைக்குச் சின்னக் குழாய்களில் வெட்டிவேர், ஓமம், மரிக்கொழுந்து என்று துணி முடிச்சாகப் போட்டு, மூடியில் துளை போட்டால் போதும். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை யாராவது வந்தால் 4 செ.மீ.க்குக் குறைவான வளையமும் துண்டும் அங்கே கிடக்கக்கூடாது.

கட்டுகளுக்கு ஆணி வேண்டாம். துளைத்துப் போல்ட் போடுங்கள், அல்லது கயிறு. புதுக் கட்டு ஒரு மாதத்தில் இளகும், மூங்கில் காய்ந்து சுருங்குவதால்தான். அதனால் முதல் மாதம் முடிந்ததும் எல்லாவற்றையும் இறுக்கி, பிறகு மாதம் ஒருமுறை விரிசல், மாவு, சிலாம்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். விரிசல் விட்ட துண்டை ஒட்டிப் பார்க்காமல் எடுத்து எறிந்துவிடுங்கள். மருந்தேற்றிக் கூரைக்கு அடியில் இருக்கும் கம்பு பத்து வருஷம் தாண்டும். பஞ்சாரம் வெயில் மழையில் நின்றால் இரண்டு மூன்று வருஷம்தான், அதன் மேல் ஓலைக் கூரை ஒன்று போட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஊஞ்சல் மட்டும் மூங்கிலில் வேண்டாம் டீச்சர், இந்த முதல் வருஷத்தில். ஆடுகிற பாரத்துக்குக் கட்டு கட்டுவது வேறு வேலை, அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இப்போது கம்பு சொல்லி வைத்தால் தையில் வெட்டி, ஊறவைத்து, உலர்த்தி, ஜூனில் பள்ளி திறக்கும்போது தயாராகிவிடும். பஞ்சாரத்துக்கு அளவு கேட்டுக் கூடைக்காரர் வரும்போது அடிக்கணக்கில் எழுதிய தாளைக் கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளில் உயரமானவனை நேராக நிற்கவைத்து, சின்னவளைத் தவழவைத்துக் காட்டுங்கள். அவர் கையால் முழம் போட்டு எடுத்துக்கொள்வார், வாசல் சரியாக வரும்.